வாக்கு மண்

பேரேரி நாடு என்று ஒரு நாடு இருந்தது. மேற்கே குன்றின் மேல் அரண்மனை. குன்றின் அடியில் கடல் போல ஓர் ஏரி. ஏரிக்குக் கிழக்கே, தாழ்வில், எங்கள் ஊர். அரண்மனைக்கும் எங்களுக்கும் நடுவே தண்ணீர் இருந்தது. தண்ணீருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மண்கரை இருந்தது.

அந்த நாட்டில் கூடையால்தான் வாக்களிப்பார்கள். அமாவாசைதோறும் பிற்பகலில், வீட்டுக்கு ஒருவர் தம் நிலத்து மண்ணை ஒரு கூடை சுமந்து கரைக்கு வர வேண்டும். அரசரின் ஆணை வாசிக்கப்படும். ஏற்பவர் வடக்குக் குவியலில் கொட்டுவார், மறுப்பவர் தெற்குக் குவியலில். எந்தக் குவியல் உயர்கிறதோ அது சொன்னபடி நடக்கும். பிறகு இரண்டையும் கலைத்துக் கரைமேல் பரப்பி, எல்லோருமாகத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவார்கள். ஏற்ற மண்ணும் மறுத்த மண்ணும் கலந்துதான் அந்தக் கரை நின்றது. மழையில் கரைந்ததும் ஆட்டுக் குளம்பில் சரிந்ததும் மாதாமாதம் நிரம்பிவிடும். இதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. கரை என்றால் நிற்கும் என்று இருந்தோம்.

அரசர் கிணறுகளுக்கு வரி கேட்ட ஆண்டில் தெற்குக் குவியல் ஆள் உயரத்துக்கு எழுந்தது. வரி போயிற்று. அரசர் மாடத்திலிருந்து அந்தக் குவியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் களிப்புத்துறை என்றொரு துறையும், அதற்கு மகுடேசர் என்றோர் அமைச்சரும் வந்தார்கள்.

மகுடேசர் கரைக்குக் கீழே, ஊரிலேயே தாழ்ந்த இடத்தில், ஓர் அரங்கைத் தோண்டினார். பள்ளத்தில்தான் குரல் நன்றாக எழும் என்றார். மேடையில் சுவர்களே இல்லாத ஒரு வீடு. அதற்குள் ஏழெட்டுப் பேர் வாழ்வார்கள். சமைப்பார்கள், சண்டை போடுவார்கள், அழுவார்கள். அவர்களில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்பதைப் பார்ப்பவர்களே கூடை மண் கொட்டித் தீர்மானிக்கலாம். கட்டணம் கிடையாது. ஆட்டம் அமாவாசைப் பிற்பகலில் நடக்கும். கரையில் சபை கூடும் அதே நேரம். தற்செயல் என்று அரண்மனை தெரிவித்தது.

மூன்றாவது மாதம் கரையில் கூடியவர்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம். கிணற்று வரி மறுபடி வாசிக்கப்பட்டது. என் மனைவி செங்கமலம் கூடையை இடுப்பில் இடுக்கியபடியே கேட்டாள்.

“ஐயா, வராதவங்க மண்ணு எந்தக் குவியல்ல சேரும்?”

மகுடேசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நல்ல வினா. வராதவர் குறையின்றி வாழ்கிறார். குறையில்லாதவர் அரசரை ஏற்கிறார். ஆகவே வராத கூடைகள் யாவும் வடக்குக் குவியலில் கொட்டப்பட்டதாகக் கொள்ளப்படும்.”

“சரிங்க ஐயா. கரைக்கு மண்ணு?”

“அதுவும் போடப்பட்டதாகக் கொள்ளப்படும்.”

அவருடன் வந்திருந்த எழுத்தர்கள் தலையசைத்தார்கள். கிணற்று வரி நிறைவேறியது. அடுத்த அமாவாசையில் மதகின் சாவி குன்றுக்குப் போயிற்று. அதற்கடுத்து, ஏரித் தண்ணீர் அரண்மனைத் தோட்டத்துக்கு முதலில், வயலுக்குப் பிறகு என்றானது. ஒவ்வொரு முறையும் நாங்கள் சிலர் தெற்கே கொட்டினோம். கொள்ளப்பட்ட மண் எங்களைவிட உயரமாக இருந்தது.

வயல் காய்ந்ததும் அரங்குக்குக் கூடை நிரப்ப வயலுக்குப் போவது வீண் நடையாகப் பட்டது. கரையோ போகிற வழியில் இருந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம் கரைச் சரிவில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கரையிலயா வெட்டறீங்க?” என்றாள் செங்கமலம்.

“ஒரே ஒரு கூடைம்மா. இம்மாம் பெரிய கரைக்கு ஒரு கூடை ஒரு கணக்கா? இன்னைக்கு மோகனவல்லிய வெளிய அனுப்பிட்டாங்கன்னா எங்க வூட்ல அடுப்பு எரியாது.”

“கிணத்து வரி வந்தப்போ எரிஞ்சுதாண்ணே?”

“அதுக்கு நாம இன்னாம்மா பண்றது? அதெல்லாம் அரசியலு.” கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தார். “நீயும் ஒருநாள் வந்து பாரு. இந்தக் கரையில இன்னா இருக்குது, வெறும் மண்ணு.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் கண்டபோது தன் பசுவின் பாலைத் தினமும் கொண்டுவந்து கொடுத்தவர்.

செங்கமலம் மகுடேசரிடம் முறையிட்டாள். அதற்குப் பதிலாக ஓர் ஆணை வந்தது. ‘கரையில் இருப்பது மக்கள் முன்பே அளித்த வாக்கு. அது சும்மா கிடக்கிறது. மக்கள் பொருளை மக்கள் எடுப்பதைத் தடுக்க அரசருக்கு மனம் இடம் தரவில்லை.’ அதற்குப் பின் அரங்குக்குப் போகிற எல்லோரும் கரையில் நிரப்பிக்கொண்டே போனார்கள். மோகனவல்லி இருந்தாள். கரை மெலிந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. ஏரி ஏறியது. கரையின் அடியில் ஓரிடத்தில் நீர் கசிந்தது. முதலில் வியர்வை போல, பிறகு விரல் பருமனில். அதன் அருகே போனால் மண்ணுக்குள் யாரோ மெல்லப் பேசுவது போல ஒரு சத்தம் கேட்கும். நான் அதைக் கேட்டபின் சரியாகத் தூங்கியதில்லை. ஊரில் சொன்னோம். “எங்க தாத்தா காலத்துலயே கசிஞ்சுதாம்” என்றார்கள். அரண்மனையில் சொன்னோம். மகுடேசர் தாமே வந்து பார்த்தார். வருந்தினார். கரையின் தோற்றம் மக்கள் மனத்தைக் கலக்குகிறது என்று சொல்லி, சரிவு முழுவதையும் மறைத்து ஒரு நீளத் திரைச்சீலை கட்டச் சொன்னார். சீலையில் ஒரு கரை வரையப்பட்டிருந்தது. பசும்புல் போர்த்த, பருத்த, அழகான கரை. சீலையை விலக்கிப் பார்ப்பது அவநம்பிக்கைக் குற்றம் என்று அறிவித்தார்கள். இரண்டாம் வாரத்தில் சீலையின் பச்சை கரைந்து கீழே ஒழுகத் தொடங்கியது.

அந்த அமாவாசையன்று கரையில் ஆணை வாசிக்க ஆளே வரவில்லை. நாங்கள் சிலர் மட்டும் நின்றோம். தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கசிவு தொடை பருமனாகி, கலங்கலாக வந்தது. கையில் இருந்த கூடைகளைக் கொட்டினோம். இழுத்துக்கொண்டு போயிற்று.

“நாம பத்தாது,” என்றாள் செங்கமலம். “நீங்க போட்டுக்கிட்டே இருங்க, விட்டுடாதீங்க. ஊரே அரங்குல கூடையோடதான் குந்திக்கிட்டு இருக்குது. நான் போய் கூட்டியாறேன்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாள்.

அரங்கில் நடந்ததை எனக்குச் சொன்னவர் மத்தளம் வாசித்த தணிகாசலம். மேடையின் கம்பத்தில் ஏறித் தப்பியவர் அவர். செங்கமலம் வாசலில் கத்தியது யார் காதிலும் விழவில்லையாம். அதனால் மேடைக்கே ஏறிவிட்டாள்.

“ஏரி ஒடையப் போவுது! கூடைய எடுத்துக்கிட்டு எல்லாரும் கரைக்கு வாங்க!”

அரங்கு அமைதியானது. யாரோ விசில் அடித்தார்கள்.

“யாருப்பா இது, புது ஆளா?”

“அழுவுது பாரு. நெசமாவே அழுவுதுடா!”

கட்டியக்காரன் முன்னால் வந்து கைகளை உயர்த்தினான். “வீட்டுக்குள் வந்துவிட்டார் ஒரு மங்கை! இவர் இருப்பதா, போவதா? மக்களே, தீர்ப்பு உங்களுடையது!”

கூடைகள் எழுந்தன. பொன்னுரங்கம் முதல் ஆளாக ஓடிவந்து கொட்டினாராம். “நம்ம பக்கத்து வூட்டுப் பொண்ணுய்யா! இன்னமா நடிக்குது பாரு!” என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாராம். இருக்கட்டும் என்கிற குவியல் அவள் தலையைத் தாண்டி வளர்ந்தது. கரையில் வெட்டிய மண், ஈரம் காயாத மண். அவள் இறங்கப் பார்த்தாள். காவலர்கள் தடுத்தார்கள். இருக்கச் சொல்லி மக்கள் தீர்ப்பளித்தவர் மேடையை விட்டு இறங்குவது சட்டப்படி கூடாது. அவள் பொன்னுரங்கத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். அவரும் கைகூப்பினார்.

மேலே, எங்களுக்கு நடுவே கரை பிளந்தது. முதலில் போனது சீலைதான். வரையப்பட்ட கரை விரிந்த வாக்கில் தண்ணீர்மேல் மிதந்து அரங்கை நோக்கிப் போயிற்று. மெய்க்கரை அதன் பின்னால் போயிற்று.

“ஒரு முழக்கம் கேட்டுச்சுங்க,” என்றார் தணிகாசலம். “புதுசா ஏதோ வாத்தியம்னு நெனச்சாங்க. கை தட்டினாங்கய்யா. அந்தச் சத்தத்துக்குக் கை தட்டினாங்க.”

பிளந்த இடத்துக்கு இருபுறமும் கரை நின்றது. அதன்மேல் நின்ற நாங்கள் பிழைத்தோம். செங்கமலத்தை நான் மறுபடி பார்க்கவில்லை.

அரண்மனை விசாரணை நடத்தியது. கரையை வெட்டியது மக்களே, வெட்டுவதை ஏற்றதும் மக்களே என்று முடிவானது. ‘மக்கள் விருப்பத்துக்கு அரசர் தலைவணங்குகிறார்’ என்று கல்லில் பொறித்தார்கள். தாழ்வில் வேறு நாட்டு மக்களைக் குடியமர்த்தினார்கள். புதுக் கரை எழுந்தது. பழைய பள்ளத்திலேயே புது அரங்கும் எழுந்தது.

ஆண்டு திரும்பியபோது மகுடேசர் என் குடிசைக்கு வந்தார். அந்த வெள்ளத்தையே ஆட்டமாக்கி இருப்பதாகவும், செங்கமலமாக வரும் நடிகைக்கு நல்ல வரவேற்பு இருப்பதாகவும், எனக்கு முன்வரிசையில் இடம் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

“கரை நிற்கட்டுமா, உடையட்டுமா என்பதை இம்முறை மக்களே தீர்மானிப்பார்கள். துயரத்திலும் மக்களுக்குப் பங்கு தருவதுதான் நல்லாட்சி அல்லவா?”

அன்று அமாவாசை. நான் கூடையை எடுத்துக்கொண்டு புதுக் கரைக்குப் போனேன். பழைய முகங்கள் சில இருந்தன. இனிக் கரையில் சபை கூடத் தேவையில்லை என்ற ஆணை வாசிக்கப்பட்டது. எல்லோரும் தெற்கே கொட்டினோம். வராத கூடைகள் வடக்கே கொள்ளப்பட்டன. வாசித்தவர் போய்விட்டார். நாங்கள் மண்ணைப் பரப்பி இடிக்க ஆரம்பித்தோம்.

கீழே அரங்கில் கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. “உடையட்டும்! உடையட்டும்!”

புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, மண்வெட்டியும் வெறுங்கூடையுமாகச் சரிவில் அவசர அவசரமாக ஏறி வந்தாள். நான் இடித்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்து நின்றாள்.

“பெரியவரே, கொஞ்சம் நவுந்து நில்லுங்க. நீங்க நிக்கிற எடத்துலதான் மண்ணு இளக்கமா இருக்குது. நேரமாவுது.”

நான் நகரவில்லை. அவள் மண்வெட்டியை என் காலருகே ஊன்றி, அரங்கின் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.