மஞ்சள் சீட்டுப் பெரும்போர்

இரும்பையும் இரும்பையும் ஒரே மூச்சில் மணமுடித்து வைக்கும் எரிதழற் கையன், தீப்பொறி மழையிலும் இமைக்காத கருங்கண்ணாடிக் கவசன், மூன்றாம் கொட்டகையின் முடிசூடா வேந்தன், வெல்டர் அண்ணன் வாழ்க! பிழைக்க வந்த ஊரின் மொழியில் இரண்டு வரி எழுத அவன் நிகழ்த்திய போரைப் பாடப் புகுகிறோம். எழுத்துக்கு அதிபதி எந்தத் தெய்வமாயினும், கையில் வேலை இல்லையேல், வந்து எம் பேனாமுனையில் அமர்க!

போரின் காரணம் கேளீர். மேல் வீட்டுச் சலவை இயந்திரத்தின் குழாயினின்று புறப்பட்ட நீர், தளம் துளைத்து, வெள்ளையடித்த வானில் பழுப்பு மேகமாய்த் திரண்டு, பதினொரு நாள்களாக அண்ணனின் தலைமாட்டில் குறிதவறாது சொட்டிற்று. மேல் வீட்டாருக்குத் தமிழ் வாராது. அண்ணனுக்கோ அவர்கள் பேசும் ஊர்மொழி வருமுன் வியர்வை வந்துவிடும். ஆகவே மாதிரிக் கடித நூலொன்றைத் துணைக்கொண்டு இரண்டு பக்க ஓலை விடுத்தான். முதற்பக்கம் முழுதும் அன்னாரின் நலம் வினவிற்று, மேன்மை போற்றிற்று. தண்ணீர் இரண்டாம் பக்கத்துக் கடைசி வரியில் ஒண்டி நின்றது. முதற்பக்கத்திலேயே நெஞ்சுருகி நிறுத்திக்கொண்ட மேல் வீட்டார், மறுநாள் ஒரு டப்பா பிஸ்கட் அனுப்பிவைத்தனர்.

“நல்லா எழுதுனீங்க போங்க,” என்றாள் இல்லக்கிழத்தி, தலையணையைப் பிழிந்தபடி. “இன்னொண்ணு எழுதுங்க, கேக் வரும். நான் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போறேன். சொட்டு நின்னா வர்றேன்.”

இங்ஙனம் குடும்பமே கோட்டையை விட்டுப் பெயர்ந்த புதன்கிழமை மாலை, அவ்வூர்மொழியில் பள்ளிக் குறிப்பும் கடைச் சீட்டும் அறிவிப்பும் எழுதப் பயிற்றும் வகுப்பறைக்குள், சிறுபிள்ளைகளுக்கென்று செய்த பெஞ்சில், முழங்கால் மோவாயை முட்ட அண்ணன் அமர்ந்தான். அடைமொழி அறுக்கும் செம்மைப் பேனாவினளாகிய டீச்சர், உள்ளங்கை அகல மஞ்சள் சீட்டொன்றை அவன்முன் ஒட்டினாள்.

“உங்க வீட்டு விஷயத்தையே எழுதுங்கண்ணா. இதுக்குள்ள முடியணும்.”

ஏந்தினான் பேனாவை! ‘மதிப்பிற்குரிய’ என்னும் யானைப்படை முன்னே பிளிற, ‘தங்கள் மேலான சமுகத்திற்கு’ என்னும் தேர்ப்படை நடுவே உருள, ‘தாழ்மையுடன்’ என்னும் காலாட்படை மண்டியிட்டவாறே பின்தொடர, சேனை முழுதும் பாசறை அமைத்து முடிக்கையில் சீட்டு தீர்ந்தது.

“இதுல தண்ணி எங்கண்ணா?”

“வருது டீச்சர். பின்பக்கத்துல வருது.”

“அண்ணன் சொட்டுக்கே மாலை போட்டு வரவேற்கிறாரு டீச்சர்,” என்றார் பக்கத்து பெஞ்சு பேக்கரி மாஸ்டர். வகுப்பு கொல்லென்றது.

இரண்டாம் சீட்டில் யானைகள் மடிந்தன, தேர்கள் மடியவில்லை. அண்ணன் மனம் திறந்தான்: “எடுத்த எடுப்புல தண்ணின்னு எழுதுனா மரியாதையா இருக்குமா டீச்சர்? வயசானவங்க.”

“வீடு தீப்பிடிச்சா நலம், நலமறிய ஆவல்னா ஆரம்பிப்பீங்க? ஒரு தயவுசெய்து போதும்ணா. நீங்க சீக்கிரம் விஷயத்தச் சொல்றதே அவங்களுக்கு மரியாதைதான்.”

மூன்றாம் சீட்டு! உருகிய உலோகம் உறையுமளவும் மூச்சடக்கும் தொழில்வீரன், தான் பாசத்தோடு வளர்த்த அடைமொழிகளை ஒவ்வொன்றாய்த் தன் கையாலேயே வெட்டி வீழ்த்தி, வீழ்ந்தவற்றுக்கு ஒரு பெருமூச்சு ஈந்து, நாற்பது நிமிடம் பொருது நிமிர்ந்தபோது, களத்தில் இரண்டே வரிகள் நின்றன:

‘உங்கள் சலவை இயந்திரத்தின் தண்ணீர் எங்கள் கட்டிலில் சொட்டுகிறது. தயவுசெய்து குழாயைச் சரிசெய்யுங்கள்.’

மாஸ்டர் பெஞ்சைத் தட்டி முரசறைந்தார். வெற்றித் திருவோலையை நெஞ்சோடணைத்துப் படிக்கட்டு நாற்பத்தெட்டும் ஏறி, எதிரியின் கதவில் கட்டைவிரலால் மும்முறை அழுத்தி ஒட்டி, அழைப்புமணியை அடித்த கையோடு அஞ்சா நெஞ்சன் கீழே ஓடி வந்து தாழிட்டுக்கொள்ள, கதவு திறந்த பெரியவர் ஒரே பார்வையில் அதைப் படித்துத் திடுக்கிட்டு, கையில் சீட்டும் வாயில் மன்னிப்புமாய் அவன் வாசலுக்கே இறங்கி வர, பிளம்பர் என்னும் பெருந்தச்சன் வெள்ளியன்று எழுந்தருளிப் பழங்குழாயைப் பிடுங்கியெறிய, சனி முழுதும் கூரையை அண்ணாந்து நோக்கிக் காவல் காத்த மாவீரன், ஒரு சொட்டும் விழாமை கண்டு, போர்முரசினும் பெரிதாய் நெஞ்சம் முழங்கத் தன் கைப்பேசியை எடுத்தான்.

குழாய் மாத்திட்டாங்க, வா என்று மனைவியிடம் சொன்னான்.