ஒன்றுமே போடாத தொட்டி

உரமே போடாத தொட்டிதான் மற்ற இரண்டையும்விட உயர்ந்து நின்றது. ஆய்வாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கண்ணாடிக் கூடத்தில் மூன்று தொட்டிகள். மூன்றிலும் செடிகொடி மட்கிக் கருத்துப் பஞ்சுபோல் ஆன, புளிப்பேறிய பீட் மண். மூன்றிலும் மக்காச்சோளம். முதல் தொட்டிக்குச் சட்டென்று கரையும் சூப்பர் பாஸ்பேட். நடுத்தொட்டிக்குப் பாறையை அரைத்த, மெல்லக் கரையும் ராக் பாஸ்பேட் தூள். கடைசித் தொட்டிக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீர்.

நடுத்தொட்டி இடுப்பளவு. முதல் தொட்டி முழங்காலளவு. பட்டினி கிடந்த கடைசித் தொட்டியோ மார்பளவு!

"அடுத்த வெள்ளிக்கிழமை விவசாயிங்க வர்றாங்க" என்றார் இயக்குநர் அம்மா. "எந்த உரம்னு தெளிவா சொல்லிடுங்க. இல்லேன்னா உங்க வேலையை நீட்டிக்கச் சொல்லி நான் எந்த மூஞ்சியோட கேக்குறது?"

உரம் சரியாகக் கரையவில்லை போலும் என்று ஆய்வாளர் முதல் தொட்டிக்கு இரண்டு மடங்கு தண்ணீர் விட்டார். அது மேலும் சோர்ந்தது. கடைசித் தொட்டி அவர் தோளைத் தொட்டது.

உரத்தையும் இரண்டு மடங்காக்கினார். முதல் தொட்டியின் இலை ஊதாவாகிச் சுருண்டது. கடைசித் தொட்டி பூவே எடுத்துவிட்டது.

அந்த எரிச்சல், கூடம் பெருக்கும் அக்காமேல் திரும்பியது. "முதல் தொட்டிக்குக் கீழ தட்டுல பாருங்க, ஒரே பாசி! சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நீங்க சொன்னதுலேருந்து தினமும் எடுத்துட்டுத்தான் சார் இருக்கேன்."

வெள்ளிக்கிழமை. கடைசித் தொட்டியை அண்ணாந்து பார்த்த ஒரு விவசாயி கேட்டார்: "உரம் போடாததே இப்படி வளருதுன்னா, உங்களுக்கும் சோறு போடாம விட்டுப் பாக்கலாமே சார்?"

கூடமே சிரித்தது. இயக்குநர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் சத்தியமா அதுக்கு ஒண்ணுமே போடலைங்க!" என்றார் ஆய்வாளர்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கா முன்னே வந்தாள்.

"நடுத்தொட்டித் தூளையே சொல்லுங்க சார், அதுதான் இந்த மண்ணுல நிக்குது, அதோட தட்டுல பாசியே இல்ல. முதல் தொட்டிக்கு நீங்க போடுறதெல்லாம் தண்ணியோட தட்டுக்கு வந்துடுது, அதான் அங்க பாசி. அந்தத் தண்ணியைக் கீழ கொட்ட மனசு வராம நான்தான் தினமும் இந்தப் பட்டினித் தொட்டிக்கு ஊத்துறேன்."