சிறுவர் புத்தகத்துப் பெரியவர்

நீங்களும் இவரைப் பார்த்திருப்பீர்கள். பத்து வயதுப் பையனும் இயந்திரம் பழகலாம், தன் கையாலேயே எதையும் செய்யலாம் என்று சொல்லிக் கொடுக்கிற புத்தகங்களைப் பிள்ளைக்கென்று தபாலில் வரவழைத்து, பிள்ளையின் கையில் கொடுக்காமல் தானே படிக்கிற இனம். வயது நாற்பதுக்குக் குறையாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி. ஓடாத கடிகாரத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டார். ஓடுகிறதைத்தான் பழுது பார்ப்பார். பிள்ளை எட்டிப் பார்த்தால், "தள்ளி நில்லு, கை பட்டுறப் போகுது" என்பார். அட்டையில் யார் படம்? அரைக்கால் சட்டைப் பையன். அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்?

திண்டுக்கல் தோல் வியாபாரி அப்துல் சுக்கூர் இந்த இனத்தில் முதல் தரம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மூன்று நாள் இருக்கும்போது, அவர் கண் மனைவி தாஹிராவின் தையல் மிஷின் மேல் விழுந்தது.

"லேசா சத்தம் வருதுல்ல?"

"தையல் மிஷின்னா சத்தம் வரத்தான் செய்யும். தொடாதீங்க."

தொட்டார். கழற்றிய பாகங்களை வெள்ளைத் துணியில் வரிசையாக வைக்கச் சொன்னது புத்தகம். வீட்டிலிருந்த வெள்ளைத் துணி, சாப்பாட்டுக்குத் தரையில் விரிக்கிற சுப்ரா. விரித்தார், வைத்தார். பகல் சாப்பாடு வந்தபோதும் எடுக்க விடவில்லை. அதன் ஓரத்திலேயே உட்கார்ந்து, இடது கையில் புத்தகமும் வலது கையில் சோறுமாக, திரும்ப மாட்டும் முறையைப் படித்துக்கொண்டே சாப்பிட்டார். சாப்பிட்டதும் சுப்ராவை உதறுவது அந்த வீட்டில் அவர் வேலை, இருபது வருஷப் பழக்கம். புத்தகத்தை அக்குளில் இடுக்கினார், மனசை அதிலேயே விட்டுவைத்தார், நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோய் நன்றாக உதறினார்.

கோழிகள் ஓடி வந்தன.

"பதினோரு பிள்ளைகளுக்குத் துணி வெட்டி வச்சிருக்கேன்" என்றாள் தாஹிரா. "பெருநாளைக்குப் பழசையே போட்டுக்கங்கன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

எந்தப் பிள்ளைக்கென்று புத்தகம் வந்ததோ அந்த நர்கீஸ், பன்னிரண்டு வயது, கொல்லை மண்ணையெல்லாம் மாவுச் சல்லடையில் சலித்து, பாகங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தா, புத்தகத்தக் குடுங்க."

"உனக்கு வெளங்காதும்மா."

"நீங்க கடைக்குப் போற நேரமெல்லாம் நாந்தான் படிச்சேன். கடைசிப் பக்கம் வரைக்கும்."

மறுநாள் மாலை மிஷின் ஓடியது. பெருநாள் தொழுகைக்கு முன்னால் பதினோரு வீட்டுக்கும் உடுப்பு போய்ச் சேர்ந்தது. விருந்துக்கு வந்த மைத்துனரிடம், "எல்லாம் நம்ம வாங்கிக் குடுத்த புத்தகம்தான்" என்றார் சுக்கூர். அப்புறம் மைத்துனரின் புது சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் மகனுக்கென்று ஒரு புத்தகம் வாங்கினீர்களே, அது இப்போது எங்கே? உங்கள் தலையணைக்கு அடியிலா? நீங்கள் இன்னும் பாதியைத் தாண்டவில்லை. அவன் முடித்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்ப வைத்திருக்கிறான்.