ஊதல் ஐயாவின் இரண்டு ஜாடிகள்

ஊதல் ஐயா வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்க அந்த நகரத்தில் ஆள் இல்லாமல் போயிற்று.

லேசான சாதனையா! பெற்றோர் பூரித்துப்போனார்கள். "என் பையன் மூணு நாளா எதுவுமே கேக்கல. உக்காருன்னா உக்கார்றான், எழுந்திருன்னா எழுந்திருக்கிறான். எங்க வீட்டு நாற்காலியே பரவாயில்ல, அதுவாவது கிறீச்சுன்னு சத்தம் போடும்" என்று ஒரு தகப்பன் கண் கலங்கச் சொன்னான். கேட்டவர்களும் கண் கலங்கினார்கள். அடுத்த நாள் தங்கள் பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

மரச்சாமான் கடையின் மாடியில்தான் வைத்தியம். வரிசை படிக்கட்டு வழியாக இறங்கி, தெருவில் திரும்பி, மருந்துக்கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றது. மருந்துக்கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. அதனால் என்ன, அவரும் தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்.

அந்த வரிசையில் சுண்ணாம்புக்காரியும் மகளோடு நின்றாள். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவள். இந்தக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவருக்குக்கூட அவள்தான் மூன்று நாளாக வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். காலையில் அடித்த கீழ்ச்சுவர் இன்னும் ஈரம் காயவில்லை. கூட்டத்தின் தள்ளுமுள்ளு தாங்காமல் வேலையை நிறுத்திவிட்டு, வாளியைப் படிக்கடியில் தள்ளி வைத்திருந்தாள். ஒரு பக்கம் நஷ்டம், ஒரு பக்கம் வசதி. வைத்தியத்துக்கு நடக்க வேண்டியதில்லை.

மகளுக்கு வயது எட்டு. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ஏன்குட்டி. "பல்லி சுவத்துல எப்படி ஒட்டுது?" "நாம நடந்தா நிலாவும் ஏன் கூடவே வருது?" "சுண்ணாம்புக் கல்லைத் தண்ணில போட்டா அடுப்பே இல்லாம ஏன் கொதிக்குது?" இருபது வருஷமாகச் சுண்ணாம்பு கொதிப்பதைப் பார்த்தவள் சுண்ணாம்புக்காரி. ஏன் என்று தனக்குத் தெரியாது என்பதே மகள் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "சும்மா இருடீ" என்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

வாத்தியார் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "ஐயா கிட்ட கூட்டிட்டுப் போயி குணமாயிடுச்சுன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்கம்மா. சீட்டு இல்லாம வகுப்புக்குள்ள விடமாட்டேன். பாடம் நடத்த முடியல." பாவம், முப்பது வருஷமாகத் தங்கு தடையில்லாமல் நடத்திக்கொண்டிருந்தார். அவரும் மாடியில்தான் முன்வரிசை நாற்காலியில் அமர்ந்து, சீட்டு வாங்கும் தன் மாணவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

உள்ளே ஊதல் ஐயா கறுப்பு அங்கியில் ஜொலித்தார். பக்கத்தில் அவருடைய மைத்துனர், கையில் மைக். மேசையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். சிவப்பு மூடி ஒன்று, நீல மூடி ஒன்று. இரண்டிலும் பளிங்கு போலத் தண்ணீர்.

"கேள்வி என்பது நெஞ்சில் தேங்கும் புகை" என்றார் ஐயா. "இருபத்தோரு வருஷமாக இந்த வாயிலிருந்து ஒரு கேள்வியும் வந்ததில்லை. அதனால்தான் இந்த நிம்மதி."

கூட்டம் பெருமூச்சு விட்டது.

வைத்தியம் எளிமையானது. சிவப்பு மூடி ஜாடியிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர். பிள்ளை குழாய் வைத்து ஊத வேண்டும். தண்ணீர் பாலாக வெளுத்தால் நெஞ்சில் புகை இருக்கிறது. பிறகு வாயில் வெள்ளைத் துணிப் பட்டை கட்டுவார்கள்; நாற்பத்தெட்டு நாளைக்குப் பேச்சு மூச்சு கூடாது. முடிந்ததும் நீல மூடித் தண்ணீரில் ஊத வேண்டும். வெளுக்காவிட்டால் குணமாகிவிட்டது; சீட்டு கிடைக்கும். பதினொரு நாளில் வெளுக்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை! நகரமே புகைக்கூண்டாக இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. வசதியுள்ளவர்களுக்கு நாற்பத்தெட்டு நாளை நான்கு நாளாகச் சுருக்கும் விசேஷப் பட்டையும் இருந்தது. புகைக்குக்கூட வசதி பார்த்து வெளியேறத் தெரிந்திருந்தது.

மருந்துக்கடைக்காரரின் பேரன் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிட்டான். "எரியுது தாத்தா!" என்று குதித்தான்.

"கேள்வி எரிகிறது" என்றார் ஐயா அமைதியாக. மைத்துனர் அவசரமாக அவன் வாயைக் கழுவிவிட்டார்.

ஏன்குட்டியின் முறை வந்தது.

"ரெண்டு ஜாடியிலயும் ஒரே தண்ணிதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு ஜாடி?"

ஹால் முழுக்க 'ஐயையோ' என்றது. வாத்தியார் 'பார்த்தீர்களா' என்பது போலத் தலையை ஆட்டினார். சுண்ணாம்புக்காரிக்கு முகம் சிவந்தது. "மானத்தை வாங்காதே. ஊது!"

ஏன்குட்டி கன்னம் உப்ப ஊதினாள். குமிழிகள் கொப்பளித்தன. தண்ணீர் மங்கியது, வெளுத்தது, பாலாகிவிட்டது. "முற்றிய கேஸ்!" என்று மைக்கில் அலறினார் மைத்துனர். வெள்ளைப் பட்டை வந்தது. மகள் அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை. கேட்கவும் இல்லை. அதுதான் சுண்ணாம்புக்காரிக்கு என்னவோ செய்தது.

அப்போதுதான் கையில் சுரீர் என்றது. தம்ளரிலிருந்து தெறித்த துளி ஒன்று அவளுடைய விரல் வெடிப்பில் விழுந்திருந்தது.

அந்தச் சுரீர் அவளுக்குப் புதிதல்ல. தினமும் சாயங்காலம் கை கழுவும்போது அனுபவிப்பது. தம்ளரில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். வழவழவென்றது. முகர்ந்து பார்த்தாள்.

"பட்டையைக் கட்டாதீங்க. தோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தடதடவென்று கீழே இறங்கினாள்.

படிக்கடியில் அவளுடைய வாளி அசையாமல் இருந்தது. சுண்ணாம்பெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் பளிங்காகத் தெளிந்திருந்தது. மேலே படர்ந்த வெள்ளை ஆடையை விரலால் ஒதுக்கினாள். அடி கலங்காமல், தேநீர் குடிக்கும் தம்ளரில் மொண்டுகொண்டு மேலே ஏறினாள்.

"இது என் வாளித் தண்ணி. இதுல எந்த ஐயாவும் கை வைக்கல" என்றாள். குழாயை வாங்கித் தானே ஊதினாள்.

பால்!

கூட்டம் எழுந்து நின்றது. ஐயா அசரவில்லை. "பெரியவர்களுக்கும் புகை ஒளிந்திருக்கும் அம்மா. பட்டை கொண்டு வா."

"அப்ப வாத்தியார் ஊதட்டும். அவர் என்னைக்குமே கேள்வி கேட்டதில்ல" என்றாள் ஏன்குட்டி.

சிவப்பு மூடி ஜாடியிலிருந்து இன்னொரு தம்ளர் வந்தது. மறுத்தால் மரியாதை கெடும் என்று வாத்தியார் ஊதினார். அவரும் பால்தான். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. "தெளிந்த சுண்ணாம்பு நீர்... நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயு... பால் போல் மாறும்..."

"என்ன சார் மந்திரம்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மந்திரமில்ல. ஏழாம் வகுப்புப் பாடம். வருஷா வருஷம் பத்துத் தடவை எழுத வைப்பேன்." வாத்தியார் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "செஞ்சு பார்த்ததில்ல. இப்படித்தான் இருக்குமா!"

முப்பது வருஷத்தில் அவர் வியந்து பார்த்த முதல் பாடம் அது.

"அப்படின்னா யார் ஊதினாலும் வெளுக்கும். ஐயாவும் ஊதிக் காட்டட்டும்" என்றாள் சுண்ணாம்புக்காரி.

"நான் எதுக்கு ஊதணும்?" என்று சீறினார் ஐயா.

ஏன்குட்டி கையைத் தூக்கினாள். "ஐயா கேள்வி கேட்டுட்டாரு!"

எங்கேயோ ஒரு அம்மாள் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மடை திறந்தது. "ஊதுங்கய்யா! இருபத்தோரு வருஷப் புகையையும் பார்த்துடுவோம்!" சிவப்பு மூடி ஜாடியிலிருந்து புதிதாக மொண்ட தம்ளர் கைமாறிக் கைமாறி ஐயாவின் மூக்குக்கே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடி, கன்னத்தை உப்பவைத்து ஊதினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"பார்த்தீர்களா!" என்றார் மைத்துனர்.

"குமிழியே வரல. ஐயா ஊதல, சும்மா பாவ்லா பண்றாரு" என்றாள் ஏன்குட்டி.

ஐயாவின் முகம் சிவந்து, நீலம் பாரித்து, அவருடைய ஜாடி மூடிகளின் இரண்டு நிறத்துக்கும் வந்து போயிற்று. எவ்வளவு நேரம்தான் மூச்சை அடக்குவது? புஸ்ஸென்று விட்டார். கொப்பளித்தது குமிழி. கட்டிப்பாலாக வெளுத்தது தண்ணீர். அங்கே ஊதிய எல்லாரையும்விட அவருடையதுதான் வெள்ளை.

சுண்ணாம்புக்காரி நீல மூடியைத் திறந்து விரலை விட்டாள். எரியவில்லை. வெறும் குழாய்த் தண்ணீர்.

"இதுக்குத்தான் ரெண்டு ஜாடி கண்ணு" என்றாள் மகளிடம். அன்று அந்த ஹாலில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த முதல் பதில்.

அதற்குள் ஐயாவும் மைத்துனருமாகப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசை வழி விடவில்லை. சுவரோடு சுவராக உரசிக்கொண்டுதான் போக முடிந்தது. தெருவில் போய்ச் சேர்ந்தபோது கறுப்பு அங்கியில் பாதி காலைச் சுண்ணாம்பு. எந்தச் சந்தில் நுழைந்தாலும் அடையாளம் தெரிந்தது. பெற்றோர் விடாமல் துரத்தினார்கள்.

சீட்டுக்காக ஹாலில் பட்டையோடு காத்திருந்த பிள்ளைகள் எல்லாம், அதைக் கழற்றிவிட்டதும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. பதினொரு நாள் பாக்கி. காது கொடுக்க முடியவில்லை.

"சார், அடுப்பே இல்லாம சுண்ணாம்பு ஏன் கொதிக்குது?" ஏன்குட்டி வாத்தியாரின் சட்டையைப் பிடித்தாள்.

வாத்தியார் அவள் பக்கம் குனிந்தார். "தெரியலம்மா. படிச்சுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன். சீட்டெல்லாம் வேணாம், நீ வா."

"எனக்கும் தெரியாதுடீ" என்றாள் சுண்ணாம்புக்காரி. சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. "காலையில கல்லு போடும்போது தள்ளி நின்னு பாரு. ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்."

வெள்ளைப் பட்டைகள் ஒரு மூட்டை இன்னும் அந்த மாடியில் கிடக்கின்றன. கேள்வி கேட்கிற பிள்ளையின் வாயில் கட்ட ஒன்று எடுக்கலாம் என்று யாருக்காவது தோன்றினால், முதலில் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும். கண்ணில் ஒன்று ஏற்கெனவே கட்டியிருக்கும்.