இந்த வண்டியில் ஃபஸீக் ஏறாது

இந்த வருஷம் தன் காரில் ஃபஸீக் ஏறாது. ஷவ்கத் முடிவெடுத்துவிட்டார். வானமே இடிந்து விழட்டும், ஏறாது.

ஃபஸீக் என்பது உப்பில் போட்டு வாரக்கணக்கில் ஊறவிட்ட மடவை மீன். செத்த மீன் இன்னொரு தடவை சாவது என்றும் சொல்லலாம். வசந்தப் பண்டிகையன்று அதைப் பச்சை வெங்காயத்தோடு தின்னாதவனைக் கெய்ரோவில் நோயாளி என்று நினைப்பார்கள். ஷவ்கத்தும் தின்பார். தின்பதில் தகராறு இல்லை. தூக்கி வருவதில்தான்.

அவர் மச்சினன் மஹ்ரூஸ் நபரோ என்ற ஊரில் பீப்பாய் பீப்பாயாக மீன் ஊறப்போடுகிறவன். பண்டிகைக்கு அங்கே போயாக வேண்டும். திரும்பும்போது ஒரு தகர டின் காரில் ஏறும். போன வருஷம் தன்தா ஊர் வளைவில் டின் கவிழ்ந்தது. ஷவ்கத் சீட்டுக்கு சோப்புப் போட்டார். வினிகர் ஊற்றினார். கடைசியில் பன்னீர் தெளித்தார். பன்னீர் தெளித்த மீன் நாற்றம் அடித்தது. ஷுப்ரா பேட்டையின் பூனைகளுக்கெல்லாம் அன்று முதல் அவர் காருக்கடியில்தான் குடித்தனம்.

‘டின் வேண்டாம்’ என்று மனைவி இன்ஸாஃபிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அங்கேதான் சிக்கல். ஷவ்கத் நீர்ப்பாசன இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நைல் தண்ணீரையே மதகு போட்டு நிறுத்தியவர். இன்ஸாஃபை நிறுத்த மதகு இல்லை.

ஆகவே பண்டிகைக் காலையில், அவித்த மொச்சை வாங்கி வருகிறேன் என்று பைஜாமாவோடு கீழே இறங்கினார். பானட்டைத் தூக்கினார். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். பையில் போட்டுக்கொண்டார். மேலே வந்தார். மொச்சையை மறந்துவிட்டார்.

"வண்டி செத்துப் போச்சு" என்றார்.

இன்ஸாஃப் முட்டைகளுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்படியா?"

"சுத்தமா. இன்ஜின்லயே கோளாறு. இன்னிக்கு ஒரு ஒர்க்ஷாப்பும் திறந்திருக்காது. என்ன பண்றது, விதி."

"சரி, விடுங்க."

ஷவ்கத்துக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. சண்டைக்கென்று நிறைய வசனம் தயார் செய்திருந்தார். எல்லாம் வீண்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்ப் போனைச் சுழற்றினாள்.

"மஹ்ரூஸ், மச்சானோட வண்டி படுத்துடுச்சுடா. அதனால நீங்கல்லாம் இங்க வந்துடுங்க. ஆமா, எல்லாரும்தான். உன் மாமியாரையும் கூட்டிட்டு வா, பாவம், தனியா இருக்கும். இடமா? மச்சான் ரூமைக் காலி பண்ணிக் குடுப்பாருடா. மீன் பீப்பாயா? பால்கனியில வச்சுக்கலாம். என்ன அவசரம், ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க."

ஷவ்கத் வாயிலிருந்த டீ உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"எப்ப கிளம்புறாங்களாம்?"

"குளிச்சுட்டு உடனே."

"நான் வண்டியை இன்னொரு தரம் பாத்துட்டு வரேன்."

"இன்ஜின்லயே கோளாறுன்னீங்களே?"

"இன்ஜினைத்தான் பாக்கப் போறேன்!"

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். காரில் ஒரு டின்னா, பால்கனியில் ஒரு பீப்பாயா? கூடவே மஹ்ரூஸின் மாமியார். வண்டி ஓடியாக வேண்டும். அவர்கள் குளித்து முடிப்பதற்குள் ஓடியாக வேண்டும்.

பிளக்கின் உச்சியில் சுண்டுவிரல் நக அளவுக்கு ஒரு திருகு மூடி உண்டு. அலுமினியம். பைஜாமா பையில் உருண்டதில் அது தளர்ந்திருந்தது. ஷவ்கத் பிளக்கைத் துளைக்கு நேராகக் கொண்டுபோனார். அவசரத்தில் சாய்த்துவிட்டார். மூடி கழன்றது. துளைக்குள் போனது.

டிங்.

பொய்க் கோளாறு நிஜக் கோளாறு ஆகிவிட்டது. அதை உள்ளே விட்டு வண்டியைக் கிளப்பினால் பிஸ்டன் நாசம்.

காந்தத்தை நூலில் கட்டி இறக்கினார். அலுமினியம் காந்தத்தை மதிக்காது என்பது அவருக்கே தெரியும். இருந்தாலும் இறக்கினார். மதிக்கவில்லை. கம்பியைக் கொக்கி போல வளைத்துத் துழாவினார். துளைக்குள் வாயை வைத்து ஊதினார். இன்ஜின் திருப்பி அவர் முகத்தில் கரியை ஊதியது.

கீழ்வீட்டு வதீஅ பல் டாக்டர். கையில் வெங்காயக் கட்டோடு பூங்காவுக்குக் கிளம்பியவர், நின்றார்.

"என்ன உஸ்தாத், காலங்காத்தால வாயைத் திறந்து வச்சிருக்கீங்க?"

"யார் வாயை?"

"வண்டி வாயைத்தான்."

"ஒண்ணுமில்ல. காத்தாட வச்சிருக்கேன்."

டாக்டர் குனிந்து பார்த்தார். தொழில் புத்தி. வீட்டுக்குள் ஓடிப் போய்க் குட்டிக் கண்ணாடியும் குறடும் எடுத்து வந்தார். துளைக்குள் கண்ணாடியை விட்டார். உச்சுக்கொட்டினார்.

"கடைவாய்ப் பல்லைவிட ஆழத்துல கிடக்கு. குறடு எட்டாது. மயக்க ஊசி வேணா போடலாம்."

"வண்டிக்கா?"

"உங்களுக்கு. கை இப்படி ஆடுதே."

"நீங்க பூங்காவுக்குப் போங்க டாக்டர். வெங்காயம் வாடுது."

"பண்டிகை முடிஞ்சதும் ஒரு மெக்கானிக்கை..."

"மெக்கானிக்கா? இருபது வருஷமா இந்த வண்டியில என் கையைத் தவிர வேற கை பட்டதில்ல. என் கையால விழுந்தது என் கையாலயே வரும். நீங்க போங்க!"

டாக்டர் போனார். மூடி வரவில்லை. வெயில் ஏறியது. நபரோவில் இந்நேரம் எல்லாரும் குளித்து, தலைதுவட்டி, மெத்தையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

டாக்டரோடு பேசியதெல்லாம் பால்கனிவரை கேட்டிருக்கும். அப்போது இன்ஸாஃப் இறங்கி வந்தாள். ஒரு கையில் கோஃப்தா சுடும் நீளக் கம்பி. இன்னொரு கையில் ஒரு வாணலி. வாணலியைப் பார்த்ததும் ஷவ்கத் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது ஹலாவா. சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டுக் காய்ச்சிய பாகு. பெண்கள் கைகால் முடியை வேரோடு பிடுங்குவதற்கு வைத்திருப்பது. பண்டிகைக்கு முன்னால் எல்லா வீட்டு அடுப்பிலும் இருக்கும். எந்த வீட்டு ஆம்பளையும் அதைப் பார்த்ததில்லை.

"அடியே, இதை எதுக்கு நடுத்தெருவுக்குத் தூக்கிட்டு வந்தே? மானம் போகுது!"

"தெருவுல யாரு இருக்கா? பூனைதான் இருக்கு. நகருங்க."

"சர்க்கரையை இன்ஜினுக்குள்ளயா விடப்போறே? வண்டி நாசமாயிடும்னு பச்சைக் குழந்தைக்குத் தெரியும்!"

"பெட்ரோல்ல கொட்டினாத்தான் நாசம். நான் என்ன, உள்ள டீயா போடப் போறேன்?"

பாகைக் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கம்பி நுனியில் அப்பினாள். துளைக்குள் இறக்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

"எடுத்துக் குடுத்தா நபரோவுக்குப் போவோமா?"

"போவோம்."

"திரும்பும்போது டின்?"

ஷவ்கத் மார்பை நிமிர்த்தினார். முகமெல்லாம் கரி. "ஏறாது."

"சரி." கம்பியை வெளியே இழுத்தாள். "அப்ப மஹ்ரூஸோட மாமியாருக்கு உங்க கட்டில்ல விரிச்சுட்டு வரேன்."

"நில்லு! ஒரு டின்."

"மூணு. இந்த வருஷம் கீழ்வீட்டுக்கும் என் தங்கச்சிக்கும் வேணும்."

"மூணா? இது காரா, மீன் லாரியா? செத்தாலும் மூணு ஏறாது. ஒண்ணு!"

"மூணு."

"இன்ஸாஃப், நான் கடைசியாச் சொல்றேன். ரெண்டு. அதுக்கு மேல ஒரு செதில் ஏறினாலும் நான் வண்டியை விட்டு இறங்கிடுவேன்!"

அவள் யோசித்தாள். பெருமூச்சு விட்டாள்.

"பிடிச்சா பிடிவாதம் உங்களுக்கு. சரி, ரெண்டே இருக்கட்டும்."

கம்பி மறுபடி இறங்கியது. ஒரு அழுத்து. ஒரு சின்னத் திருப்பு. வெளியே வந்தபோது பாகில் பதிந்து மூடி மின்னியது. ஆழத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பொட்டுக்கூட இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

மூடியைத் துடைத்து, பிளக்கை மாட்டி, சாவியைத் திருப்பினார். வண்டி இருமிவிட்டு ஓடியது. பூனைகள் சிதறின. ஷவ்கத்துக்கு உயிர் வந்தது. மூணு கேட்டவளை ரெண்டுக்கு இறக்கியவர்! வீட்டில் யார் ஆம்பளை என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. மாடிக்கு ஓடினார், போனை எடுத்தார்.

"மஹ்ரூஸ்! கிளம்பாதே! வண்டியை நானே சரி பண்ணிட்டேன். நாங்களே வரோம்!"

"எங்க கிளம்பறது மச்சான்? உங்களுக்காகத்தானே காத்திருக்கோம்."

"காலையில அக்கா போன் பண்ணாளேப்பா?"

"காலையிலயா? இல்லையே. அக்கா முந்தாநாள் பேசினதுதான். மச்சான் முதல்ல வண்டியைக் கழட்டுவாரு, அப்புறம் மாட்டுவாரு, சாப்பாட்டை லேட்டா வைங்கன்னாங்க."

ஷவ்கத் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"டின்னைப் பத்திக் கவலைப்படாதீங்க மச்சான். நான் மூணு கேப்பேன், அவரு அடிச்சுப் பேசி ரெண்டுக்கு இறக்குவாருன்னு அக்கா சொல்லியிருந்தாங்க. ரெண்டையும் அன்னிக்கே மூடி வச்சுட்டேன்."