செருப்புக்கு நான் கொடுத்த நற்சான்று

என் பெயர் முதன்முதலில் அச்சில் வந்தது ஒரு செருப்பு விளம்பரத்தில். இதை நான் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. கேட்பவர்களிடம், ஒரு வார இதழில் சின்னதாக ஒரு துணுக்கு வந்தது என்று சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். அது துணுக்கும் இல்லை, சின்னதும் இல்லை. கால் பக்கம், புகைப்படத்துடன்.

எண்பதுகளின் பிற்பகுதி. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வாடகை வீடு. திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. போக வர ஒன்றாம் நம்பர் பஸ். எனக்கு முப்பத்திரண்டு வயது, எண்பத்திரண்டு கிலோ எடை. இருவர் உட்காரும் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் உட்கார வருகிறவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, சத்திரம் பஸ் நிலையம் வரைக்கும் நின்றுகொண்டே வருவார்.

அந்த நேரத்தில்தான் 'ஆரோக்கியப் பாதுகை' விளம்பரம் கண்ணில் பட்டது. வடக்கே ஏதோ ஓர் ஊர்க் கம்பெனி. செருப்பின் மேல்பக்கம் முழுக்கப் பலாப்பழத் தோலைப் போல ரப்பர் முட்கள். உடம்பின் எல்லா உறுப்புகளுக்கும் உள்ளங்காலில்தான் சுவிட்ச் இருக்கிறதாம். இதைப் போட்டுக்கொண்டு நடந்தால் முட்கள் அந்தச் சுவிட்சுகளை அழுத்தித் தொந்தி கரையும், மூட்டுவலி போகும், ரத்தக்கொதிப்பு இறங்கும், சர்க்கரை அடங்கும். 'உடற்பயிற்சி தேவையில்லை' என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காக, தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி.யில் வரவழைத்தேன்.

பார்சலைப் பிரித்ததும் என் மனைவி விஜயா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாதுகைன்னா நம்ம ஊர்ல தலையில வச்சுக்கிற சமாசாரம். நீங்க கால்ல போடப் போறீங்க. பாத்து."

மூன்று நாள் போட்டேன். முதல் நாள் பஸ் நிறுத்தம்வரை போனதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், தீமிதிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேனா என்று விஜயாவிடம் விசாரித்தார். மூன்றாம் நாள் அதைக் கோபுர வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, திருட்டுப் போகட்டும் என்று உள்ளே போனேன். (பெருமாளிடம் வேறொன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.) கோயில் வாசலில் புதுச் செருப்பு அரைமணி தங்காது என்பது ஊரறிந்த விஷயம். திரும்பி வந்து பார்த்தால், இரண்டு பக்கமும் இருந்த பழைய செருப்புகள் போயிருந்தன. என்னுடையது விட்ட இடத்திலிருந்து நாலடி தள்ளி, ஜோடியாக இருந்தது. எவனோ போட்டுப் பார்த்திருக்கிறான்.

நான்காம் நாள் பாதுகை கட்டிலுக்கு அடியில் போயிற்று. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் பார்சலுக்குள் ஓர் அட்டை இருந்தது. 'தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். சிறந்த கடிதங்கள் புகைப்படத்துடன் பத்திரிகைகளில் வெளியாகும்.'

என் நிலைமையைச் சொல்ல வேண்டும். அப்போது நான் பத்து வருஷமாகக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். பத்து வருஷமாக அவை திரும்பி வந்துகொண்டிருந்தன. எங்கள் தெருத் தபால்காரர் உறையின் கனத்தை வைத்தே, "உங்களோடதுதான் சார், திரும்பிடுச்சு" என்று வாசலிலேயே துக்கம் விசாரித்துவிட்டுப் போவார். அப்படிப்பட்டவன் கையில் வந்து சேர்ந்தது அந்த அட்டை.

நாலு பக்கம் எழுதினேன். இன்றைக்கும் சொல்வேன், நான் எழுதியதில் அதுதான் நல்ல கதை. நாற்பது நாளில் எட்டு கிலோ குறைந்தது என்று ஆரம்பித்தேன். நடுவில் கொஞ்சம் துன்பம் இருந்தால்தான் நம்புவார்கள் என்று, 'முதல் பத்து நாள் குத்தும். அது நோய் வெளியேறும் அறிகுறி. பொறுத்துக்கொண்டால் வலி தானாக மறையும்' என்று சேர்த்தேன். கம்பெனிக்காரனே சொல்லாத சங்கதி அது, முழுக்க என் கற்பனை. முடிவு சப்பென்று இருந்தது. ஆகவே, 'பல வருஷமாக என்னை வாட்டிய சர்க்கரையும் கட்டுக்குள் வந்துவிட்டது' என்று முடித்தேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. கதைக்கு ஒரு திருப்பம் வேண்டியிருந்தது.

கூடவே கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த, ஒல்லியான போட்டோ ஒன்றையும் வைத்து அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. போட்டோ, பெயர், அதற்குக் கீழே 'எழுத்தாளர், ஸ்ரீரங்கம்.' கடிதத்தில் நானே அப்படிப் போட்டுக்கொண்டிருந்தேன், அவர்கள் வெட்டவில்லை. ஆறு பிரதி வாங்கினேன். அலுவலகத்தில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு வயிற்றைப் பார்த்தார்கள். விஜயா மட்டும், "எட்டு கிலோவை எங்கேங்க இறக்கி வச்சீங்க, வீட்டுல காணோமே" என்றாள்.

அந்த ஆறில் ஒரு பிரதி திருவெறும்பூருக்குப் போனது. அங்கே என் அக்கா வீடு. அத்தான் தங்கராசு ஒரு பெரிய தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர். என் கதைகளைக் கையெழுத்துப் பிரதியாகவே உட்கார்ந்து படித்த ஒரே வாசகர் அவர். 'இதைப் போய் திருப்பி அனுப்பிச்சிருக்கானே' என்று எனக்காகப் பத்திரிகைக்காரர்களைத் திட்டிய ஒரே ஆளும் அவர்தான். அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை.

அடுத்த மாதம் அவர்கள் இருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்தில், என் விளம்பரம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அத்தான் காலில் ஆரோக்கியப் பாதுகை.

"என்ன அத்தான், நீங்களும் வாங்கிட்டீங்க?"

"நீயே எழுதிட்டே, அப்புறம் என்ன மாப்ளே யோசனை? தினம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து குவார்ட்டர்ஸை நாலு ரவுண்டு. குத்துது. குத்தட்டும், நோய் வெளியேறுதில்ல?"

"மாத்திரை சாப்பிடறீங்கல்ல?"

"காலையில போட்டுக்கறேன். ராத்திரியோடத நிப்பாட்டியாச்சு."

அக்கா காபியுடன் வந்து நின்றாள். "இவன் நிஜமாவே எளைச்சானா? எனக்கு அப்படித் தெரியலையே" என்றாள்.

"போட்டோவுல பாரு. போடறதை விட்டிருப்பான், மறுபடி ஏறியிருக்கும். என்ன மாப்ளே?"

எனக்காகப் பொய்யையும் அவரே தயாரித்து நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன். "ஆமா அத்தான், விட்டுட்டேன்" என்றேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் நான் காபி குடித்தேன்.

பிறகு ஒருநாள் அலுவலகத்துக்கு போன் செய்தார். "மாப்ளே, நீ எழுதினது சரிதான். இப்ப குத்தறதே இல்ல." எனக்கு அப்பாடா என்று இருந்தது. பொய் சொன்னாலும் பலித்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். சர்க்கரைக்காரர் காலில் முள் குத்துவது தெரியாமல் போவது குணமல்ல, அதுவே நோய் என்று எனக்குச் சொல்லித்தர அப்போது யாருமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை.

உள்ளங்காலில் புண் வந்தது அவருக்கே தெரியவில்லை. தரையில் ஈரமாகக் காலடி பதிவதைப் பார்த்து அக்காதான் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

"சுகர் இருக்கிற கால்ல இதைப் போட்டுக்கச் சொன்னது யாருங்க?" என்று டாக்டர் கேட்டபோது நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"பேப்பர்ல போட்டிருந்தாங்க டாக்டர்" என்றார் அத்தான். என் பக்கம் திரும்பவில்லை.

அவர் அப்படிச் சொல்லாமல் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், நான் அழுது தீர்த்துவிட்டு ஒழுங்காக இருந்திருப்பேன். காட்டிக்கொடுக்காததால் எனக்குக் கம்பெனி மேல் ஆவேசம் வந்துவிட்டது. குற்ற உணர்ச்சியை நியாய ஆவேசமாக மாற்றிக்கொள்வது எழுதுகிறவனுக்குச் சுலபம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. மாவட்டத்துக்கு ஒரு மன்றம், வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம் என்றார்கள். பொய் விளம்பரம் செய்து மக்களை ஏமாற்றும் கம்பெனிக்கு எதிராக, அத்தான் பெயரில் பதினான்கு பக்கம் புகார் எழுதினேன்.

"எதுக்கு மாப்ளே இதெல்லாம். உனக்குக் கேட்டுது, எனக்குக் கேக்கல. உடம்புவாகு" என்றார் அத்தான்.

"இல்ல அத்தான், விடக்கூடாது" என்றேன். புகாரோடு விளம்பரத்தின் நகலும் வைக்க வேண்டும். வேறொரு வாரம் வந்த, என் முகம் இல்லாத விளம்பரமாகத் தேடிப் பிடித்து வைத்தேன்.

விசாரணை நாள். நீளமான ஓர் அறை. மேஜைக்குப் பின்னால் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் உறுப்பினர். வலப்பக்கம் இருந்தவர் கல்லூரிப் பேராசிரியை போலக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் அம்மையார். அத்தான் ஊன்றுகோலுடன் பின்பெஞ்சில். அவருக்காக நான் எழுந்து இருபது நிமிடம் பேசினேன். 'சிந்தனையுள்ள எந்த மனிதனும் இப்படிப்பட்ட பொய்யை எழுதத் துணியமாட்டான்' என்று முடித்தபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். சாதுவான மனிதர். "ஐயா, சர்க்கரை குணமாகும்னு நாங்களா சொல்லலை. பயன்படுத்தினவங்க சொன்னதைப் போட்டோம். ஒரு கடிதம் தாக்கல் செய்றேன்" என்றார்.

நாலு பக்கம். என் கையெழுத்து. அந்த ரகத் தாள் எங்கள் அலுவலகத்தில் மட்டுமே உண்டு. பத்து வருஷமாக ஒரு பத்திரிகை அலுவலகமும் என் எழுத்தை வைத்துக்கொண்டதில்லை. செருப்புக் கம்பெனி பத்திரமாக வைத்திருந்தது.

வக்கீல் என்னிடம் கேட்டார். "இது நீங்க எழுதினதுதானே சார்? இதுல இருக்கறது உண்மையா, பொய்யா?"

உண்மை என்றால் புகார் அங்கேயே செத்துப்போகும். பொய் என்றால் அத்தானுக்குத் தெரிந்துவிடும். திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வாசகராக.

"பொய்யிங்க" என்றேன்.

கண்ணாடி அம்மையார் முன்னால் சாய்ந்தார். "எட்டு கிலோ?"

"இல்லைங்க."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்லைங்க."

"எத்தனை நாள் போட்டுப் பார்த்தீங்க?"

"மூணு நாள்."

"பின்ன ஏன் எழுதினீங்க?"

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் தொப்பலாக நனைந்திருந்தேன். "பேர் வரும்னுதாங்க" என்றேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வந்தது. சோதித்துப் பார்க்காமல் ஒருவன் எழுதியதை அச்சிட்டு விற்றது கம்பெனியின் தவறு என்றார்கள். நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னார்கள். கூடவே, படித்த ஒருவர் பின்விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் புகழுக்காகச் செய்த காரியம் என்று என்னைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பத்தி. என் எழுத்துக்கு வந்த முதல் விமர்சனம். இன்றுவரை அதில் ஒரு வார்த்தையை என்னால் மறுக்க முடியவில்லை.

விசாரணை முடிந்த அன்று திருவெறும்பூர் பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். பால்பண்ணை தாண்டியதும் அத்தான் வாயைத் திறந்தார்.

"எட்டுன்னு ஏன் போட்டே? இருபதுன்னு போட்டிருந்தா நானே நம்பியிருக்கமாட்டேன்."

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"எழுதினது கூட போகட்டும் மாப்ளே. அன்னைக்கு வீட்டுக்கு வந்தியே, காபி குடிச்சுக்கிட்டு. அப்பச் சொல்லியிருக்கலாம்ல."

இதற்கு முப்பது வருஷத்துக்கு மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விளம்பரத்தை அக்கா அன்றைக்கே கழற்றிவிட்டாள். அந்த ஆணியில் வேறு எதையும் மாட்டவில்லை. என் புத்தகங்கள் வரத் தொடங்கியபோது ஒவ்வொன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கி அத்தானிடம் கொடுத்துவிடுவாள், பிரித்துப் பார்க்கமாட்டாள்.

அத்தானுக்கு இப்போது இரண்டு கால்களிலும் உணர்ச்சி குறைவு. செருப்பு கடித்தாலும் தெரியாது. ஆகவே புதுச் செருப்பு வாங்கும்போதெல்லாம் எனக்குத்தான் ஆள் வரும். இருவருக்கும் ஒரே அளவு, எட்டு. எங்கள் குடும்பத்தில் யார் எதை வாங்கப் போனாலும், "எழுத்தாளரைக் கூட்டிப் போய்ப் போட்டுப் பாருங்க" என்று சொல்லிச் சிரிப்பார்கள். குக்கர் வாங்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறார்கள்.

சத்திரம் பக்கத்துச் செருப்புக் கடையில் அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். நான் அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடப்பேன். பத்து ரவுண்டு. கடைக்காரர் வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலாகக் கேட்டுக்கொண்டு நடப்பேன்.

போன தடவை, "இடது சுண்டுவிரல் பக்கம் லேசா உரசுது அத்தான்" என்றேன்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"வேற எடுப்பா" என்றார் கடைக்காரரிடம்.

என் வார்த்தையை நம்பிச் செருப்பு வாங்குகிறவர் இன்னும் ஒருவர் இருக்கிறார். வேறு ஜோடி வந்தது. மாட்டிக்கொண்டு, மறுபடி முதல் ரவுண்டிலிருந்து நடந்தேன்.