மூன்று கரண்டிகளும் ஒரு நிதானமான கையும்

மரக்கரண்டி தண்ணீர் குடிக்காமலிருக்கப் பூசும் மெழுகு விஷயத்தில் ஒரு முடிவு கண்டே தீருவது என்று கரண்டியார் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். சம்பளம் வாங்குவது காப்பீட்டு அலுவலகத்தில். உயிரை வைத்திருப்பது மரக்கரண்டி செதுக்குவதில். 'கரண்டியார்' என்று பட்டம் சூட்டியது மனைவி. பாத்திரக்கடை அம்மாள் வேறு, "ஒரு மாசம் கழுவியும் மெழுகு போகலைன்னா என் கடையில வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு கரண்டிக்கு வெறும் தேன்மெழுகு. இன்னொன்றுக்கு எண்ணெயில் குழைத்த தேன்மெழுகு. மூன்றாவதற்குத் தேன்மெழுகோடு கல்லாட்டம் கெட்டியான பனைமெழுகு. பூசி, துணியால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, மூன்றையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தார்.

"இந்தா! தினமும் பாத்திரத்தோட இதையும் தேய்ச்சு வை. எது தாங்குதுன்னு பார்த்துடலாம்!"

மனைவி ஒரு கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தேய்க்கலாங்க. ஆனா எனக்குக் கோபம் வந்தா ஒரு அழுத்து, சிரிப்பு வந்தா ஒரு அழுத்து. மெழுகு போச்சுன்னா, தப்பு மெழுகு மேலயா, என் கை மேலயான்னு எப்படித் தெரியும்?"

"அட, ஆமா!"

"தினமும் ஒரே கை தேய்க்கணும். நிதானமான கை."

கரண்டியார் தன் கையைப் பார்த்துக்கொண்டார். இப்படியொரு நிதானமான கை ஊர் உலகத்தில் வேறு யாருக்கு இருக்கிறது?

"நானே கழுவறேன்!"

"மூணு கரண்டியை மட்டுமா? வாங்கறவங்க வீட்டுல எண்ணெய்ச் சட்டி, அடிப்பிடிச்ச பாத்திரம் எல்லாத்தோடயும்தானே அது கிடக்கும்?"

"அதானே! எல்லாத்தையும் இங்கே கொண்டுவந்து போடு!"

மாதம் முழுவதும் போட்டாள். இவர் உற்சாகமாகத் தேய்த்தார். கடைசி நாள் மூன்று கரண்டிகளிலும் தண்ணீர் தெளித்தார். முதல் இரண்டும் தண்ணீரைக் குடித்துவிட்டன. மூன்றாவதில் துளிகள் முத்து முத்தாக நின்றன!

"ஜெயிச்சுட்டேன்!" சோப்பு நுரையோடு குதித்தார். கடைக்கார அம்மாளும் வந்து பார்த்து, தலையாட்டி, அதே மெழுகு பூசிய கரண்டிகளுக்கு அந்த நிமிடமே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"பரீட்சை முடிஞ்சுது. இனிமே பாத்திரம் நீ..."

"வாங்கறவங்க ஒரு வருஷம் தாங்குமான்னு கேட்டா என்னங்க சொல்வீங்க? பொய்யா சொல்றது?"

கரண்டியார் யோசித்தார். நியாயம்தான். மறுபடி குழாயைத் திறந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். அடடா, அதற்குள் பெயர் பரவிவிட்டதே!

"வாங்க, வாங்க! எத்தனை கரண்டி வேணும்?"

"கரண்டி வேண்டாங்க. அந்த மெழுகுல ஒரு டப்பா கிடைக்குமா? எங்க வீட்டுக்காரர் இன்னும் பாத்திரத்தையே தொடமாட்டேங்கறார்."